பழைய ஜீப்பின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா?

எங்கள் பக்கத்தில் பிரேக் சரியில்லை என்று எந்த ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். "ஏர் புடிச்சிருக்கும். எடுத்துட்டா சரியாயிடும்." பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சில வண்டிகளில் ஏர் எடுத்த நாலாம் நாள் பெடல் மறுபடி பஞ்சாகிவிடும். அப்போதும் பதில் மாறாது, இன்னொரு தடவை எடுப்பார்கள். என் வண்டியில் ஒரே மாதத்தில் மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை பட்டறையிலிருந்து திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது: மூடிய குழாய்க்குள் காற்று எந்த வழியாக நுழைகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையுமாகக் கொஞ்சம் நிலம், தாரையும் மூட்டையையும் ஏற்றி இறக்க ஒரு பழைய மகிந்திரா ஜீப். வத்தலக்குண்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே போக வேண்டும். பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த மலையில் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. எனவே கற்றுக்கொண்டதை, ஸ்பேனரே பிடித்திராதவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் அட்டையில் ஜேசிபி செய்து வைப்பார்களே, நினைவிருக்கிறதா? இரண்டு ஊசிக் குழல்கள், நடுவில் ஒரு மெல்லிய டியூப், உள்ளே கலர் தண்ணீர். ஒன்றை அமுக்கினால் மற்றொன்று வெளியே தள்ளும், ஜேசிபியின் கை தூக்கும். ஜீப்பின் பிரேக்கும் அதேதான். நீங்கள் அமுக்குகிற ஊசிக் குழலுக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். பழைய மாடல் ஜீப்களில் அது ஓட்டுநரின் காலடிப் பலகைக்குக் கீழே, சேசிஸோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். மறுமுனையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு வீல் சிலிண்டர். அது இரண்டு பக்கமும் பிரேக் ஷூக்களைத் தள்ள, ஷூக்கள் சுற்றுகிற டிரம்மில் போய் அழுத்தும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன விதிதான் இது: அடைத்து வைத்த திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். திரவம் சுருங்காது என்பதால்தான் இந்த வேலை நடக்கிறது.

இப்போது அந்த ஜேசிபி டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருக்கிறதென்று வையுங்கள். அமுக்குகிறீர்கள், குமிழி சுருங்குகிறது, கை அசைவதில்லை. இன்னும் அமுக்கினால்தான் லேசாகத் தூக்கும். விட்டால் குமிழி பழையபடி விரிந்து உங்கள் விரலைத் திருப்பித் தள்ளும். அந்தத் திருப்பித் தள்ளுகிற உணர்வுதான் காலுக்குப் பஞ்சு மாதிரித் தெரிகிறது.

எவ்வளவு காற்று இருந்தால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வட்டப் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லி காற்று சுருங்கி ஒன்றுமில்லாமல் போவதற்கே பிஸ்டன் 2 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். பெடல் ஒரு நெம்புகோல். பிஸ்டன் நகர்வதைப் போல ஐந்தாறு மடங்கு உங்கள் கால் நகரும். அப்படியானால் ஒரு மில்லிக்கு ஒரு சென்டிமீட்டர் பெடல் போய்விட்டது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி காற்று உள்ளே இருந்தால் 5, 6 சென்டிமீட்டர். பெடல் கிட்டத்தட்ட பலகையைத் தொடும். ஒரு டீஸ்பூன் காற்றுக்கு இவ்வளவு வேலை என்று இந்தக் கணக்குக்கு முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். "பிரேக் பிடிக்கல" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் குறைந்தது நாலு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லக்கூடிய கருவி உங்கள் வலது கால்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். பூஸ்டர் (நம் மிதிக்குக் கூடுதல் பலம் சேர்க்கும் கருவி) வைத்த வண்டி என்றால் பெடலை நாலைந்து முறை மிதித்து அதில் தேங்கிய சக்தியைத் தீர்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் உதவியால் பெடல் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், அதைக் கோளாறு என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. பழைய ஜீப்கள் பலவற்றில் பூஸ்டரே கிடையாது என்பதால் நமக்கு அந்தக் குழப்பம் குறைவு.

முதலில் பெடலை மெதுவாக ஒரு முறை மிதியுங்கள். எந்த உயரத்தில் தடை தெரிகிறது, அந்தத் தடை கட்டை மாதிரி இருக்கிறதா ரப்பர் மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். விட்டுவிட்டு, வேகமாக மூன்று முறை பம்ப் அடித்து, மூன்றாவது மிதியில் காலை எடுக்காமல் வையுங்கள்.

பம்ப் அடித்ததும் பெடல் மேலே வந்து, வந்த இடத்தில் கட்டை மாதிரி நின்றால் அது பெரும்பாலும் காற்று இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய ஷூ அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது, ஒரு மிதியில் வரும் ஆயில் போதவில்லை, அதனால் இரண்டாம் மிதி தேவைப்படுகிறது. பழைய ஜீப்களில் ஷூ தானாக அட்ஜஸ்ட் ஆகாது. சக்கரத்தின் பின்தட்டில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகித்தான் நெருக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே, லேசாக உரசுகிற வரை திருகி, உரசல் நிற்கும் அளவுக்குத் திரும்பத் தளர்த்தினால் போதும். பத்து நிமிட வேலை. இதற்குப் போய் ஏர் எடுத்தவர்கள் ஏராளம். நானும் எடுத்திருக்கிறேன்.

பம்ப் அடித்தபின் பெடல் மேலே வந்தும், காலுக்கடியில் ரப்பர் பந்து மாதிரித் துள்ளினால் அதுதான் உண்மையான பஞ்சு. எங்கோ ஏதோ ஒன்று சுருங்குகிறது, அல்லது வளைகிறது, அல்லது உப்புகிறது.

அடுத்து, பெடலை அழுத்தமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். ஒரு நிமிடம் என்றால் நிஜமாகவே ஒரு நிமிடம். கடிகாரத்தைப் பாருங்கள், நம் மனசுக்கு இருபது நொடியே ஒரு நிமிடமாகத் தெரியும். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அது பஞ்சு இல்லை, கசிவு. வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டி உள்ளேயே திரும்பிப் போகிறது. வெளியே கசிந்தாலும் உள்ளே கசிந்தாலும், இரண்டுமே வண்டியை நகர்த்தக் கூடாத நிலை. பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே அறை, ஒரே வழி. ஓர் இடத்தில் உடைந்தால் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

நாலாவது வகை, பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இதில் ஆயில் குழாய்க்கு வேலையே இல்லை. டிரம்முக்குள் தண்ணீரோ கிரீஸோ புகுந்திருக்கும், அல்லது லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கும். ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டியபிறகு முதல் இரண்டு மிதிக்கு இப்படி ஆவது எல்லாருக்கும் தெரியும். லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஊர்ந்தால் காய்ந்துவிடும்.

இப்போது பஞ்சு வகையைப் பிடித்துக்கொள்வோம். காற்று உள்ளே இருக்கிறது என்று காலும் சொல்லிவிட்டது. அது எப்படி வந்தது?

எளிய வழி ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் தீர்ந்து, காற்றை இழுத்துவிட்டது. பழைய ஜீப்பின் டப்பா சின்னது, அதுவும் காலடிப் பலகையைத் திறந்தால்தான் தெரியும். யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஆயில் தீர்ந்தது என்றாலே அது எங்கோ வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும், பின்தட்டின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா ஆக்சிலிலிருந்து வரும் கியர் ஆயிலா என்று தெரிய வேண்டும். விரலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும். கியர் ஆயில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும், நாற்றமும் தனி. டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் தொப்பியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரின் கப் வாஷர் போய்விட்டது. இன்னொன்று: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

என் வண்டிக் கதை இந்த வழியில் வராதது. ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. எந்தச் சக்கரத்திலும் ஈரம் இல்லை. ஏர் எடுத்தால் நாலு நாள் பெடல் அருமையாக இருக்கும், அப்புறம் பஞ்சு. கடைசியில் வத்தலக்குண்டில் லாரி வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வண்டியைப் பார்க்கவே இல்லை, கேள்விதான் கேட்டார்.

"ஆயில் கொறையுதா தம்பி?"

"இல்லண்ணே."

"எங்கயாச்சும் ஒழுகுதா?"

"இல்லண்ணே. மூணு பேரு பாத்துட்டாங்க."

"ஒழுகல, கொறையல, காத்து மட்டும் வருது. அப்ப வெளிய போகலப்பா, உள்ள உறிஞ்சுது. மாஸ்டரக் கழட்டு."

கழற்றினால், சிலிண்டரின் கடைசியில் இருக்க வேண்டிய ஒரு சின்ன வால்வு இல்லை. சில மாதம் முன்பு ஒரு பட்டறையில் மாஸ்டருக்கு ரப்பர் கிட் மாற்றியபோது அதைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த வால்வின் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரம் பிரேக்கில் காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் ஷூவை இழுத்து, ஆயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் மாஸ்டரின் பிஸ்டன் அதைவிட வேகமாகப் பின்னால் ஓடிவிடும். அந்த ஒரு கணம் குழாய்க்குள் உறிஞ்சல் உண்டாகும். வீல் சிலிண்டரின் கப் வாஷர் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தடுக்கச் செய்யப்பட்டது. அழுத்தம் அதன் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கும். உறிஞ்சலுக்கு அது எதிர்மாறாக வேலை செய்யும், உதடு சுருங்கி வெளிக்காற்றுக்கு வழிவிடும். இதைத் தடுக்கத்தான் அந்த வால்வு. பெடலை விட்டபிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். ஜீப் டயரில் நாம் அடிக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், ஆனாலும் வாஷரின் உதட்டை விரித்தே வைத்திருக்க அது போதும். வால்வு இல்லாத என் வண்டி, ஒவ்வொரு முறை நான் காலை எடுக்கும்போதும் ஒரு துளி காற்றை மூச்சிழுத்துக்கொண்டிருந்தது.

வால்வு வேலை செய்கிறதா என்று கழற்றாமலே ஓரளவு பார்க்கலாம். பெடலை மிதித்து விட்டபின் ஒரு சக்கரத்தின் நிப்பிளை, அதாவது வீல் சிலிண்டரில் ஏர் எடுப்பதற்காக இருக்கும் சின்னத் திருகைத் திறந்தால் ஆயில் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பலாக வடிந்தால் சந்தேகப்படலாம். பிற்கால வண்டிகளில் வீல் சிலிண்டருக்குள் வாஷரை விரித்துப் பிடிக்கும் தகட்டை வைத்து, வால்வை எடுத்துவிட்டார்கள். எனவே உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். முன்சக்கரத்தில் டிஸ்க் மாட்டுகிறவர்கள் டிரம்முக்கான இதே மாஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டால், இந்தத் தேங்கிய அழுத்தமே டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கும்.

காற்றே இல்லாமலும் பெடல் பஞ்சாகும். இங்கேதான் "ஏர் எடு" வைத்தியம் முழுசாகத் தோற்கும்.

ரப்பர் ஹோஸ் ஒரு காரணம். சேசிஸும் ஆக்சிலும் தனித்தனியாக ஆடுவதால் நடுவில் இரும்புக் குழாய் போட முடியாது, ரப்பர் ஹோஸ்தான். பத்துப் பதினைந்து வருஷ ஹோஸ் உள்ளே நைந்துபோய், மிதிக்கும்போது பாம்பு இரை விழுங்கின மாதிரி உப்பும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையில் சுற்றிப் பிடித்தால் தெரியும். மேலே கோடு கோடாக வெடிப்பு இருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். நல்ல ஹோஸாக இருந்தால் அதை வைத்தே கோளாறின் இடத்தைப் பிடிக்கலாம். ஹோஸை நெரிப்பதற்கென்றே வழவழப்பான தாடை கொண்ட கிளாம்ப் கிடைக்கிறது. எல்லா ஹோஸையும் நெரித்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். கட்டை மாதிரி இருந்தால் மாஸ்டர் நல்லது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். எதைத் திறந்ததும் பெடல் பஞ்சாகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. பல் உள்ள கட்டிங் பிளேயரால் நெரிக்காதீர்கள், நல்ல ஹோஸும் அன்றோடு கெட்டுவிடும்.

இன்னொரு காரணம் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது: புது ஷூ. பல முறை கடைந்த டிரம்மின் உள்வட்டம் பெரிதாகியிருக்கும். புது லைனிங்கின் வளைவு அதைவிடச் சின்னது. எனவே ஷூவின் நடுப்பகுதி மட்டும் டிரம்மைத் தொடும், இரண்டு முனையும் தொடாது. நீங்கள் மிதிக்க மிதிக்க ஷூவே வில் மாதிரி வளைந்து ஒட்டப் பார்க்கும். காலை எடுத்தால் வில் நிமிரும். காலுக்கு இது அப்படியே காற்று மாதிரி இருக்கும்! "புது ஷூ போட்டதிலிருந்து பெடல் பஞ்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சாக்பீஸைத்தான் எடுப்பேன். லைனிங் முழுக்கச் சாக்பீஸ் பூசி, டிரம்மை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் தொடுகிற இடம். நடுவில் மட்டும் ஒரு பட்டை அழிந்திருந்தால் லைனிங்கை டிரம்முக்கு ஏற்பத் தேய்த்து வாங்க வேண்டும்.

பெடலின் பிராக்கெட்டோ, மாஸ்டரைத் தாங்கும் தகடோ விரிசல் விட்டாலும் பெடல் துள்ளும். ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் மாஸ்டரே அசைவது தெரிந்துவிடும்.

அப்புறம், மலைக்கே உரிய பஞ்சு ஒன்று இருக்கிறது. மேலே கிளம்பும்போது பெடல் நன்றாக இருக்கும். மங்களங்கொம்பு, தடியன்குடிசை தாண்டி, பெரும்பாறைக்கு வரும்போது பெடல் இறங்கும். அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடும். வந்து போகிற காற்று என்று ஒன்று கிடையாது. அது ஆவி.

பிரேக் ஆயில் தண்ணீரை இழுக்கும். நம் மலையில் வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டமும் சாரலும்தான். டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ரப்பர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்லச் சேரும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தபின் 155. இறக்கத்தில் டிரம் எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்பதற்கும் ஒரு கணக்கு: 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது விடுபடும் சக்தியை அப்படியே அடுப்பில் வைத்தால், சுமார் 44 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மூன்று பிளாஸ்டிக் குடம். எஞ்சினைப் பிடித்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர் அந்த மூன்று குடத்தையும் நாலு டிரம்மின் தலையில் கவிழ்க்கிறார். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இதில் ஒரு வினோதம் உண்டு. வண்டி ஓடும்போது காற்றுப் பட்டு டிரம் கொஞ்சம் ஆறும். இறக்கத்தின் நடுவில் டீ குடிக்க நிறுத்தினால் காற்றும் இல்லை. டிரம்மின் சூடு பின்தட்டு வழியாக ஊறி வீல் சிலிண்டருக்குள் இறங்கும். ஓடும்போது கொதிக்காத ஆயில் நின்றபிறகு கொதிக்கும். டீ குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இறங்கிவிட்டிருந்தால் இன்னொரு டீ சொல்லுங்கள், நன்றாக ஆறட்டும். ஒரு முறை கொதித்த ஆயிலை நம்பக் கூடாது, ஊருக்கு வந்ததும் முழுசாக மாற்றிவிட வேண்டும். கொதிக்காவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

பிரேக் ஆயில் என்கிற பேரே ஒரு தொல்லை. அது எண்ணெய் வகையே இல்லை, கிளைக்கால் சார்ந்த திரவம். "எல்லாம் ஆயில்தானே" என்று அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ரப்பரும் ஊறி உப்பிவிடும். பிறகு கழுவினால் போகாது. எல்லா வாஷரையும் எல்லா ஹோஸையும் மாற்ற வேண்டும். இதே காரணத்தால் சிலிண்டரின் உள்பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது, ஸ்பிரிட்டோ புது பிரேக் ஆயிலோ போதும். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் வகை வேறு ஜாதி, மற்றவற்றோடு சேராது. அது டாட் 5.1 இல்லை, பெயர் மட்டும்தான் ஒட்டி இருக்கிறது. வாங்கும்போது சின்ன டப்பாவாக வாங்குங்கள். திறந்து பாதி வைத்த டப்பா பரணில் இருந்தபடியே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். பெயிண்டில் சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காரணத்தைச் சரிசெய்தபிறகுதான் ஏர் எடுக்கிற வேலை. அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது பின் ஆக்சிலைச் சுற்றவைக்கும் நீளத் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் அசையாமலே தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கமும் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமும் சுற்ற முடியும். அதாவது ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கும். கட்டை வைக்காமல் கீழே தலையை நீட்டாதீர்கள்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கும் நம் வண்டியில் அது இடது பின்சக்கரம். பிறகு வலது பின், இடது முன், வலது முன். நிப்பிளில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறக்க, குமிழியோடு ஆயில் வரும். பெடல் கீழே போனதும் நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் விட்ட காற்று முழுவதும் திரும்ப உள்ளே போகும். எங்கள் வீட்டில் பக்கத்துத் தோட்டத்துப் பையன் மேலே உட்காருவான். "அமுக்கு", "புடி", "விடு" என்று நான் கீழிருந்து கத்துவேன், அவன் "புடிச்சிட்டேண்ணே" என்று சொன்னபிறகே ஸ்பேனரைத் திருப்புவேன். ஒரு தடவை "விடட்டா?" என்று அவன் கேட்டது "விட்டுட்டேன்" என்று என் காதில் விழுந்து அரைமணி நேர வேலை வீணாயிற்று.

நாலைந்து மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். பாட்டிலில் வந்த ஆயிலைத் திருப்பி ஊற்றாதீர்கள். பெடலைப் பலகை வரை மிதிக்காமல் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டரின் கடைசிப் பகுதிக்கு வாஷர் வழக்கமாகப் போவதே இல்லை. அங்கே துரு பிடித்திருக்கும், முழுசாக மிதித்தால் அந்தத் துரு வாஷரைக் கிழித்துவிடும். ஏர் எடுத்த மறுநாளே பெடல் இறங்குகிற வண்டிகள் சிலவற்றின் ரகசியம் இதுதான்.

எல்லாம் முடிந்ததும் பெடலை விரலால் அமுக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் சுமார் அரை அங்குலம் சும்மா நகர வேண்டும். அந்த விளையாட்டு இல்லாவிட்டால் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது, டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே இருக்கும், ஓட ஓட ஆயில் சூட்டில் விரிந்து பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். பிறகு முன்னே சொன்ன ஒரு நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நான் வத்தலக்குண்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. வண்டியில் சுமை இல்லாமல், களத்தில் முன்னும் பின்னுமாக நாலு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு மேலே இருக்கிற ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போவேன். ஏற்றத்தில் பிரேக் ஏமாற்றினாலும் வண்டி தானாக வேகம் இழக்கும். மேலே போய்த் திருப்பி, அதே கியரில் மெதுவாக இறங்கி வந்து, நாலு பின்தட்டையும் ஒரு முறை தடவிப் பார்ப்பேன். கை உலர்ந்தே இருந்தால் மறுநாள் காலை தார் ஏற்றலாம்.